உள்ளங்கைக்குக் கேட்காது

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி நினைவு மலர் போடுகிறதாம். போன வாரம் சத்யா போன் செய்தாள். கடலூரில் நான் உட்கார்ந்து காது டெஸ்ட் எடுத்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். கெட்டிக்காரி, ஆனால் ஆபீஸ்காரர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள்.

“மேடம், லோ பிரீக்வென்சி பத்தி நீங்கதான் எழுதணும். இப்ப வர்றவங்க அதக் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க. கேம்ப்ல டேப்லெட்ட வெச்சு மூணு சத்தம் குடுக்கறாங்க, 250 கெடையவே கெடையாது. ஆனா மேடம்…”

“ஆனா என்னா?”

“பவித்ரா விஷயம் மட்டும் வேணாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. மொதப் பக்கத்துல பெரிய டாக்டர் போட்டோ வருது. அவர் கொண்டாந்த உள்ளங்கை டெஸ்ட் பத்தி அரைப் பக்கம் எழுதி வெச்சிட்டாங்க. அதோட இதுவும் வந்தா நல்லா இருக்காதாம்.”

அவர் கொண்டு வந்த உள்ளங்கை டெஸ்ட்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. லோ பிரீக்வென்சியை எழுது, பவித்ராவை எழுதாதே என்பது உப்புப் போடாமல் குழம்பு வை என்கிற மாதிரி. எனக்கு அந்தச் சமையல் வராது. பெரிய டாக்டர் இப்போது உயிரோடு இல்லை. போனவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. என்னைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதைத் தடுக்க ஆபீசுக்கு என்ன உரிமை இருக்கிறது?

என் பெயர் மங்கையர்க்கரசி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புக் குடும்பம். பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் சும்மா இருந்தவளைச் சென்னையில் ஒரு வருஷப் படிப்பில் சேர்த்தார்கள். காதை அளக்கும் படிப்பு என்றதும் எங்கள் சித்தப்பா, “காத அளந்து சட்டையா தெக்கப் போற?” என்று கேட்டார். படிப்பு முடிந்த கையோடு கடலூரில் வேலை கிடைத்தது. இரண்டு ஊரில் கட்டடம் வைத்திருந்த தனியார் ஆஸ்பத்திரி அது, கடலூரில் பெரியது, சிதம்பரத்தில் சின்னது. பெயரை நான் எழுதவில்லை. மலர் போடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

லோ பிரீக்வென்சி என்றால் சின்னச் சத்தம் என்று படித்தவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. சத்தத்தின் அளவு வேறு, பிரீக்வென்சி வேறு. ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை தடவை அதிர்கிறதோ அதுதான் பிரீக்வென்சி. நிறைய அதிர்ந்தால் கீச்சென்று இருக்கும், கொசு, விசில், கொலுசு மாதிரி. குறைவாக அதிர்ந்தால் கனமாக, கட்டையாக இருக்கும். இடி, பம்பை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் புறப்படாமல் உறுமிக்கொண்டே நிற்கும் பஸ், ஜெனரேட்டர் இவையெல்லாம் லோ. நம் பேச்சிலும் இரண்டும் உண்டு. ஆ, ஊ, ஓ எல்லாம் லோவில் கிடக்கும். ச, த, ப மாதிரி எழுத்துகளை அடையாளம் காட்டுவது மேலே இருக்கும்.

இது தெரியாததால் எத்தனை வீட்டில் சண்டை! பண்ருட்டியிலிருந்து ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவரை அவர் சம்சாரம் இழுத்துக்கொண்டு வந்தார். “கூப்ட்டா திரும்பறாரு மேடம். சொன்னா மட்டும் புரியாத மாதிரி நடிக்கறாரு.” அளந்து பார்த்தேன். லோ பிரீக்வென்சி நன்றாக இருந்தது, மேலே எல்லாம் போய்விட்டிருந்தது. குரல் வருவது அவருக்குத் தெரியும், என்ன சொல்கிறார்கள் என்பது தெரியாது. “அவரு நடிக்கலம்மா. நீங்க பேசறது பாதிதான் அவருக்குப் போவுது” என்றேன். “முப்பது வருசமாவா?” என்று அந்த அம்மா கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

எங்கள் டெஸ்ட் அறைக்குச் சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டி, தரைக்கு, வெளியே பெஞ்சு வரைக்கும், பலகை போட்டிருப்பார்கள். ஃபேனும் ஏசியும் உறுமுவது லோவில்தான் வரும் என்பதால் டெஸ்ட் நேரத்தில் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். கடலூர் வெயிலில், கதவைச் சாத்திய பெட்டிக்குள் நானும் நோயாளியும் வேர்த்துக் கொட்டுவோம். ஹெட்போனில் சிவப்பு வலது, நீலம் இடது. ஆயிரத்தில் ஆரம்பித்து மேலே எட்டாயிரம் வரை போய், திரும்பி இறங்கி 500, கடைசியாக 250. நொடிக்கு இருநூற்றைம்பது அதிர்வு. அது வருவதற்குள் நோயாளி களைத்திருப்பார், நானும் களைத்திருப்பேன். தப்பு நுழைய அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஹெட்போன் முடிந்ததும் வைப்ரேட்டர். தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்புக் கட்டை, ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைப்போம். எலும்பை அதிரவைத்து, காதின் வெளிப்பகுதியைத் தாண்டி நேரே உள்காதுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும். ஹெட்போனில் கேட்காதது இதில் கேட்டால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, வழியில்தான் அடைப்பு என்று அர்த்தம். சளி, நீர், ஏதாவது. சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும். இரண்டிலும் கேட்கவில்லை என்றால் உள்காதே போயிற்று.

குழந்தைகள் கையைத் தூக்கச் சொன்னால் தூக்காது. நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பிடி புளியங்கொட்டையும் வைத்திருந்தேன். சத்தம் வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும். பழக்கிவிட்டால் மூன்று வயதுக் குழந்தைகூடப் போடும்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தால் நம்மைப் பேசவிடுவார். மூடியைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, எழுந்து வந்துவிட வேண்டும். நோயாளியைத் தொடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் காதைத் தொடுவார். “கேக்காதவங்ககிட்ட கத்தாதீங்க. எதிர்ல ஒக்காந்து, மொகத்தப் பாத்து, மெதுவா பேசுங்க” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திருத்தக் கூடாது. “போட்டா போட்டதுதான் மங்கை. திருத்துற கைய ஊரு நம்பாது” என்பார்.

பவித்ரா வந்தது ஒரு மார்கழி மாதம். வயது ஐந்து தாண்டியிருந்தது. அம்மா அஞ்சலாட்சி, அப்பா கலியமூர்த்தி. தாழங்குடா பக்கம் கடல் தொழில், சொந்தமாக ஃபைபர் போட். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“காது கேக்குது மேடம். பேச்சுதான் வல்ல” என்றாள் அஞ்சலாட்சி. “பாக்கறீங்களா?” என்று குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, “பவித்ரா!” என்று கூப்பிட்டாள். குழந்தை டக்கென்று திரும்பிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஹெட்போனில் மெஷினின் கடைசி அளவு வரை போனேன். ஒரு கொட்டைகூட விழவில்லை. வைப்ரேட்டரை வைத்தேன். 250இல் கொட்டை விழுந்தது. குறைத்தேன், விழுந்தது. 500இலும் விழுந்தது. ஒரு தடவைகூடத் தப்பாகப் போடவில்லை, அவ்வளவு சமத்து. மேலே போனால் ஒன்றுமில்லை. நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அந்த மாதம் ரிப்பேருக்குப் போயிருந்தது. எனக்கு அது தேவையாகவும் படவில்லை. எலும்பில் கேட்கிறது, ஹெட்போனில் கேட்கவில்லை, மூக்கில் சளி. அடைப்புதான் என்று எழுதினேன். பெரிய டாக்டர் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டு, பங்குனியில் காதுக்குள் குழாய் வைக்கும் சின்ன ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

அஞ்சலாட்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஊமைன்னு சொன்னாங்க மேடம், எங்க மாமியாக்கூட. இப்ப போயி சொல்றேன் பாருங்க.” குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் மாசி மகம் வந்தது. எங்கள் ஊர்ச் சாமியும் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் என்பதால் நானும் போயிருந்தேன். கடற்கரை கொள்ளாத கூட்டம். ஒரு பந்தலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்து, பம்பை அடிப்பதை மைக்கில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் வயிற்றையும் கன்னத்தையும் ஒட்டவைத்துக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பவித்ரா.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “மேடம், வாங்க! பாருங்க, பாட்டுன்னா உசுரு அதுக்கு.” அதற்குள் பவித்ரா பெட்டியை விட்டு நாலு அடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலைக் குவிக்க ஆரம்பித்துவிட்டது. பம்பை இன்னும் காதைக் கிழித்தது. பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். குழந்தை நிமிரவேயில்லை.

“பவித்ரா! ஏ பவித்ரா! மேடம் வந்திருக்காங்க பாரு!” அஞ்சலாட்சி அதன் பின்னாலேயே போய் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கூப்பிடும்போதெல்லாம் வலது குதிகால் தரையை உதைத்தது. அன்றைக்கு என் அறையில் பலகைத் தரை. இங்கே மணல். குதிகால் மணலில் புதைந்துபோனது.

“வெளையாட்டுல எறங்கிட்டா காதே குடுக்காது மேடம்” என்றாள் அவள்.

“நீ எதுக்கும்மா கால ஒதைக்கற?” என்று கேட்டேன்.

“நானா?” அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கலியமூர்த்திதான் சொன்னான். “போட்ல எஞ்சின் ஓடறப்ப வாயால கூப்ட்டா எவனுக்குக் கேக்கும் மேடம்? பலகையில குதிகாலால ஒரு ஒத. முன்னால அணியத்துல நிக்கறவன் திரும்புவான். ஊட்லயும் அதே பழக்கம்தான் எங்க எல்லாருக்கும்.”

மார்கழியில் நான் அவள் வாயைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. குழந்தை பலகை அதிர்ந்ததற்குத் திரும்பியது. ஸ்பீக்கர் பெட்டியை வயிற்றால் உணர்ந்தது. அப்படியானால் 250இல் விழுந்த புளியங்கொட்டைகள்? “நாளைக்குக் காலையில புள்ளயத் தூக்கிட்டு வாங்க, ரெண்டு பேரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சாமி கும்பிடத் தோன்றவில்லை.

காலையில் பவித்ராவை உட்காரவைத்தேன். டப்பா, புளியங்கொட்டை, எல்லாம் அதே. வைப்ரேட்டரை மட்டும் காதுக்குப் பின்னால் வைக்கவில்லை. அதன் இடது உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன். 250 கொடுத்தேன். கொட்டை விழுந்தது. குறைத்தேன், விழுந்தது. 500 கொடுத்தேன், விழுந்தது. மார்கழியில் எந்த அளவில் கேட்கிறது என்று எழுதினேனோ, ஏறக்குறைய அதே அளவில். ஆயிரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. குழந்தை பெருமையாக என்னைப் பார்த்தது. எல்லாம் சரியாகப் போட்டுவிட்டோம் என்று அதற்கு. நான் அந்த நிமிஷம் செத்துப் பிழைத்தேன்.

லோ பிரீக்வென்சி அப்படித்தான். கொஞ்சம் பலமாகக் கொடுத்தால் காதுக்குக் கேட்காவிட்டாலும் தோலுக்குத் தெரியும். கொசுவின் சத்தத்தைக் கையால் தொட முடியாது, ஜெனரேட்டரைத் தொட முடியும். இது எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் தேடிப் படித்தேன். நான் பரீட்சைக்கு விட்டுப்போன பக்கம்.

வெளியே வந்து இரண்டு பேரிடமும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “புள்ளைக்குக் கேக்கல. அதிர்வுதான் தெரியுது. நான் தப்பா எழுதிட்டேன்.”

அஞ்சலாட்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். “நீதான அன்னிக்கு கேக்குதுன்னு சொன்ன? ஒன் கையப் புடிச்சு அழுதனே, அப்ப சொல்ல வாய் இல்லியா ஒனக்கு? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தனே! நீ படிச்சவதான?” வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் நின்றேன். அவள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

கலியமூர்த்தி எழுந்தான். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். “அஞ்சலை, பின்னால போயி கூப்டு” என்றான். அவள் போய்க் கூப்பிட்டாள். கால் உதைத்தது. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. “இன்னும் கத்து.” அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பொத்தானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் குழந்தையைப் பலகைத் தரையில் இறக்கி நிற்கவைத்தான். “இப்ப கூப்டு.” அஞ்சலாட்சி அழுதுகொண்டே உதைத்தாள். வாயைத் திறக்கவேயில்லை. பவித்ரா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “இப்ப இன்னா செய்யணும் மேடம்?” என்றான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்காதுக்குள் கருவி வைக்கும் பெரிய ஆபரேஷன், இம்ப்ளான்ட் என்பார்கள். அரசுத் திட்டத்தில் செய்வார்கள், ஆனால் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். பவித்ராவுக்கு வைகாசியில் ஆறு முடிகிறது. காது கேட்கிறது என்று நான் எழுதிய ரிப்போர்ட் ஃபைலில் இருக்கும்வரை திட்டத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பவித்ராவைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். பேனா மூடி கழற்றி மேஜையில் இருந்தது. சொன்னேன். நம்பவில்லை. வைப்ரேட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், மெஷினையும் தள்ளிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் வைத்து 250 கொடுத்தேன். அவர் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

“ஆபரேஷன கேன்சல் பண்ணிடறேன்” என்றார். “சளி ஜாஸ்தின்னு எழுதிக்கலாம். ஆறு மாசம் கழிச்சு புதுசா ஒரு டெஸ்ட் எடுங்க. புது ரிப்போர்ட் வந்துடும். பழசு தானா மறைஞ்சிடும்.”

“ஆறு மாசத்துல அதுக்கு வயசு தாண்டிடும் டாக்டர்.”

“நம்மள இம்ப்ளான்ட் சென்டராக்கறதுக்கு மனு போட்டிருக்கோம், தெரியுமில்ல? நம்ம ரிப்போர்ட்ட எல்லாம் எடுத்துப் பாக்கறாங்க. கேக்குதுன்னு நீங்க எழுதி நான் கையெழுத்துப் போட்டத, நாமளே கேக்கலன்னு எழுதினா என்னா ஆவும்? சென்டர் வல்லன்னா நாளைக்கு வர்ற அம்பது புள்ளைங்க எங்க போவும்?” குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

“அம்பது புள்ள வரட்டும், அப்பப் பாக்கலாம். வந்துட்ட புள்ள வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்குது.”

“ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே கை எழுதினது. எத நம்புவாங்க?”

“ரெண்டாவத. மொதல்ல எழுதினப்ப எனக்குத் தெரியும்னு நெனச்சு எழுதினேன். இப்ப உள்ளங்கையில வெச்சுப் பாத்து எழுதறேன். உள்ளங்கையில காது இருக்கா டாக்டர்?”

அவர் பேனா மூடியை எடுத்து மாட்டினார். டக் என்ற சத்தம் கேட்டது. பதினேழு வருஷப் பழக்கத்தில் என் கால்கள் தானாக எழப் பார்த்தன. நான் எழவில்லை. அங்கேயே, அவர் மேஜையிலேயே, ரிப்போர்ட் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். வேலை போகும் என்று தெரியும், என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எழுதி முடித்து என் பெயரைப் போட்டு அவர் பக்கம் தள்ளினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடவில்லை.

அவர் கையெழுத்து இல்லாத அந்தத் தாளைத்தான் கலியமூர்த்தியிடம் கொடுத்தேன். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னேன். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் அங்கே எடுப்பார்கள். தூங்குகிற குழந்தை புளியங்கொட்டை போடாது, யாரும் ஏமாற முடியாது. மறுநாளே போனார்கள். இரண்டு காதும் முழுச் செவிடு என்று வந்தது. அதோடு என் தாளையும் சேர்த்துத்தான் குழுவில் கொடுத்திருக்கிறார்கள். வைகாசி பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் ஆபரேஷன் நடந்தது.

எனக்கு மெமோ வந்தது. ‘மேலதிகாரியின் ஒப்புதலின்றி அறிக்கை வழங்கியமை.’ வேலை போகவில்லை, சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். தினம் காலையில் கடலூரிலிருந்து பஸ், சாயங்காலம் திரும்பப் பஸ். சென்டரும் கடைசியில் வந்தது, அடுத்த வருஷமே. ஊர் ஒன்றும் கவிழ்ந்துபோகவில்லை.

சிதம்பரத்துக்குப் போன ஐந்தாவது மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘சிறு குழந்தைகளுக்கு 250, 500இல் வைப்ரேட்டரை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சோதித்த பிறகே காதுக்குப் பின் வைக்க வேண்டும்.’ கீழே பெரிய டாக்டர் கையெழுத்து. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் என்னிடம் அதைப் பற்றிக் கடைசிவரை பேசவும் இல்லை. அன்றைக்கு மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அவரை மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, ரிட்டயர் ஆகும் நாள் வரை அதன்படி செய்தேன்.

இப்போது சத்யாவிடம் கேட்டேன். “உள்ளங்கை டெஸ்ட் எல்லாரும் செய்யறாங்களா?”

“அது ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு மேடம். எதுக்குன்னே தெரியாம செய்யறாங்க. பாதிப் பேரு செய்யறதே இல்ல.”

தெரியுமா சத்யா, இதனால்தான் எழுதுகிறேன். யார் கொண்டு வந்தார் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் பெயரை அந்த அரைப் பக்கத்தில் போட வேண்டாம். அவர் பெயரே இருக்கட்டும், தாராளமாக. ஆனால் அது ஒரு தப்பிலிருந்து வந்தது என்பதை எடுத்துவிட்டால் அது வெறும் சடங்குதான். சடங்கை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். விட்ட அன்றைக்கு ஒரு குழந்தை சமத்தாகப் புளியங்கொட்டை போடும், உங்களில் ஒருத்தி சந்தோஷமாகக் ‘கேட்கிறது’ என்று எழுதுவாள்.

பவித்ரா இப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பேச்சு கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். கூட்டத்தில் பேசினால் பாதி பிடிபடாது, எதிரே உட்கார்ந்து பேசினால் என்னையே மடக்குவாள். பெயரைப் போடலாமா என்று வாட்ஸப்பில் கேட்டேன். உடனே பதில் வந்தது. “போடுங்க அக்கா. நீங்க தப்பு பண்ணீங்கன்னும் போடுங்க. அம்மாவுக்கு இன்னும் உங்க மேல கோவம் போவல. வர்ற மாசி மகத்துக்கு ஊட்டுக்கு வந்துதான் ஆவணும்னு சொல்லச் சொன்னாங்க.”

போகத்தான் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு அவர் மேஜையில் நான் எழுதிய தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. போட்டோ கேட்டீர்களே, என் போட்டோ வேண்டாம். அந்த இடத்தில் இதைப் போடுங்கள். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. இதைப் போட முடியாது என்றால் மேலே உள்ளதையும் சேர்த்துக் கிழித்துவிடுங்கள்.

‘குழந்தை பவித்ராவுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. 250, 500இல் அவள் காட்டியது தொடு உணர்வு. உள்ளங்கையில் வைத்தும் அதே பதில் வந்தது. மார்கழியில் கொடுத்த அறிக்கை தவறு. தவறு குழந்தையுடையதோ, பெற்றோருடையதோ, மெஷினுடையதோ அல்ல. என்னுடையது. – மங்கையர்க்கரசி.’